முந்தானையில் கொட்டிய அத்தர்

1

சோஹாருக்கு வந்து ஆறு வருடம் முடிந்துவிட்டது என்று எனக்கு நினைவூட்டியது குடியிருப்பு அட்டைதான். இந்த ஊரில் கல்யாண நாளை மறந்தாலும் அந்த அட்டை காலாவதியாகும் நாளை மறக்க முடியாது. கணவரின் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், வாடகை ஒப்பந்தத்தின் நகல், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், போன முறை கேட்காத ஏதாவது ஒரு தாள். எல்லாவற்றையும் நான்கு முறை சரிபார்த்துவிட்டு, காரில் ஏறியதும் ஐந்தாவது முறை பார்ப்பேன். என் சுபாவம் அப்படி.

இந்த முறை மகள் தாரிணியையும் அழைத்துப் போயிருந்தோம். அவளுக்கு நான்கு வயது. அவள் அட்டையையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்ட இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓமானிய ஆண்களின் அங்கியில் கழுத்தருகே சின்னக் குஞ்சம் ஒன்று தொங்கும். அதை அத்தரில் நனைத்துக்கொண்டு வெளியே கிளம்புவார்கள். அவர் குனிந்து முத்திரை எடுக்கும்போதெல்லாம் அந்த வாசனை எங்கள் பக்கம் வந்தது. தாரிணி முகத்தைத் தூக்கி மேஜை விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டாள்.

அவருக்கு விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். அரபியில் அவளிடம், "உன் அம்மா எங்கே?" என்று கேட்டார்.

தாரிணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொள்ளாத சுத்தமான அரபியில் பதில் சொன்னாள்.

"வீட்டில். காப்பி போடுகிறாள்."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து, அம்மா பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்கள்?"

"நான்தான் அம்மா" என்றேன். குரல் ஏன் அப்படிக் கெஞ்சுகிற மாதிரி வந்தது என்று தெரியவில்லை.

"தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

காரில் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொழந்த தானே, விடும்மா. ஊர்ல சித்திய, பெரியம்மாவ எல்லாம் அம்மான்னு கூப்புடலயா?"

"அவ கீழ்வீட்டு ஷம்சாவ அம்மான்னு கூப்ட்டா கூட பரவால்லங்க. நான் பக்கத்துல நிக்கறப்போ, எங்கம்மா வீட்ல இருக்காங்கன்னு சொல்றா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏசியைக் கூட்டி வைத்தார். அவருக்கு வேறென்ன செய்வதென்று தெரியாதபோது அதைத்தான் செய்வார்.

2

நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரரின் அக்கா ஷம்சா இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. மூன்று மகன்கள். கடைசிப் பையனும் போன வருடம் படிக்க மஸ்கட் போய்விட்டான்.

முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போன கதையை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழமும் அல்வாவும் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியும் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, மண்ணால் செய்த ஒரு தூபக்காலில் புகையும் கட்டிகளோடு வந்து என் முன்னால் நீட்டினார். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி காட்டினால் நாம் என்ன செய்வோம்? புகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்தியாக ஒரு நிமிடம் கண்ணை மூடினேன். பிறகு இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஷம்சா ஒரு கணம் நின்றார். பிறகு மறுபடியும் காப்பி ஊற்றினார். அரைமணி கழித்து மறுபடியும் தூபக்கால் வந்தது. மறுபடியும் ஒற்றிக்கொண்டேன். மூன்றாவது முறை அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தூபக்கால் வந்தால் விருந்து முடிந்தது, ஆடைக்குப் புகை காட்டிக்கொண்டு எழுந்து போகலாம் என்று அர்த்தமாம். வெகுகாலம் கழித்து, என்னோடு வேலை பார்க்கும் கேரளத்து நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பல் மருத்துவமனையில் எனக்கு வரவேற்பு மேஜை வேலை கிடைத்தது. குழந்தையை எங்கே விடுவதென்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "என்னிடம் விடு. வீடு காலியாகத்தான் இருக்கிறது" என்றார் ஷம்சா. காலை ஏழரைக்குக் கீழே விடுவேன். மூன்றரைக்கு வந்து அழைத்துக்கொள்வேன்.

அழைத்துக்கொண்டு மாடி ஏறும்போதே அந்த வாசனை தொடங்கிவிடும்.

ஷம்சா கடை அத்தர் பூசுவதில்லை. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தானே கலந்து வைத்துக்கொள்கிறார். அகில் எண்ணெய், அம்பர், குங்குமப்பூ, வெனிலா, இன்னும் என்னென்னவோ. வெல்லப் பாகு பதத்துக்கு வந்து, இன்னும் ஒரு நொடி விட்டால் கருகிவிடும் என்னும்போது ஒரு வாசனை வருமே, அதுதான் முதலில் வரும். அதன்மேல் குங்குமப்பூ போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால். எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு மரம் மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும். சாப்பிடக் கூடாத ஒரு பலகாரம். அது தாரிணியின் தலைமுடியில், கழுத்து மடிப்பில், சட்டையின் கைகளில் எல்லாம் இருக்கும். தலைக்கு ஊற்றினாலும் அடுத்த நாள் காலைவரை போகாது. நான் பெற்ற குழந்தையை இன்னொருத்தர் பெயர் எழுதிய உறையில் போட்டு என்னிடம் தருவதுபோல இருக்கும்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா மேல ஊசி வாசன."

கிராம்புத் தைலமும் கிருமிநாசினியும் கலந்த வாசனை அது. தடுப்பூசி போட்ட ஆஸ்பத்திரி அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. அன்று சோப்பு போட்டு இரண்டு முறை குளித்தேன். மூன்றாவது முறையும் குளித்திருப்பேன், தண்ணீர் தீர்ந்துவிட்டது.

3

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஷம்சாவிடம் என்ன காரணம் சொல்வது? நீங்கள் நன்றாக மணக்கிறீர்கள், அதனால் குழந்தையை அனுப்ப மாட்டேன் என்றா? நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். என்னைவிடப் பொறுமையாக ஊட்டுகிறார். அது நன்றி சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பொறாமை குறையவில்லை. தினமும் தாங்க்யூ சொல்ல வேண்டியிருந்ததால் கூடத்தான் செய்தது.

கடைசியில் நான் செய்தது அசட்டுத்தனமான காரியம். பெரிய அங்காடியில் ஒரு அத்தர் கடைக்குப் போய், இனிப்பான வாசனை வேண்டும் என்றேன். விற்பவர் வரிசையாகக் காட்டினார். கேரமல், பேரீச்சை, காப்பி, பாதாம். பலகாரக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஏறக்குறைய ஷம்சாவினுடையது போலவே இருந்த ஒன்றை வாங்கி, மருத்துவமனைக் கழிவறையில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தாரிணி என் கழுத்தில் மூக்கை வைத்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"இது ஷம்சா இல்ல. பிஸ்கட்டு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அத்தருக்கும் எனக்கும் பழக்கமே கிடையாது. நான் பட்டு நெய்கிற வீட்டில் வளர்ந்தவள். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தை முக்கால்வாசி தறி அடைத்திருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் பக்கம் போனால் அண்ணன் அங்கிருந்தே கத்துவார். சென்ட் பாட்டில் என்றால் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. கல்யாணப் புடவை வாங்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் சொல்லும் பாடம் எனக்கு மனப்பாடம். "எல்லாம் பூசிக்கினு, நல்லா காஞ்ச பிற்பாடு பொடவ கட்டுங்கம்மா. சென்ட்டு பட்டா பட்டுல கற நிக்கும், சரிக கறுத்துடும். அதுக்கு நான் கேரண்டி இல்ல."

எனக்கென்று ஒரு வாசனை கிடையாது என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டால் என்னை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

4

அட்டை புதுப்பித்த மறுமாதம் மூன்று வார விடுப்பில் ஊருக்குக் கிளம்பினோம். தாரிணிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். அண்ணன் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும் போனோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை ஷம்சா ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவுதான். உள்ளே தேன்போல் பழுப்பாக இருந்தது.

"இது உனக்கு. அங்கே குழந்தை அழுதால் கொஞ்சம் பூசிக்கொள். சரியாகிவிடுவாள்."

நல்ல மனதோடுதான் சொன்னார். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். என் ஊரில், என் பிறந்த வீட்டில், என் குழந்தையைச் சமாதானப்படுத்த எனக்கு இவருடைய உதவி வேண்டுமா?

அதனால்தான் ஊருக்குப் போன அன்றே அதைப் புவனா அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் இப்போது ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டி, தறியையும் அங்கேயே கொண்டுபோய்விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்ட் கொண்டுவரவில்லை என்றால் அண்ணி பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்.

"என்னா கோமதி, இவ்ளோண்டு பாட்டிலு? கடைல வாங்கினதா?"

"ஆமாண்ணி. ஸ்பெஷல்."

"உங்கண்ணன் பாத்தா தறிமேட்டுலயே என்ன கட்டி வெச்சிடுவாரு. நான் மாடில வெச்சுப் பூசிக்கறேன், நீ சொல்லாத."

தாரிணி அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தாள். வெயில், கொசு, புது முகங்கள். சோறு இறங்கவில்லை. நான் தூக்கினாலும் உடம்பை வளைத்துக்கொண்டு இறங்கினாள். சாயங்காலம் அண்ணி குளித்துவிட்டு, அத்தரைக் கழுத்தில் தொட்டுக்கொண்டு கீழே வந்தார். தாரிணி அழுகையை நிறுத்தினாள். நேராகப் போய் அவர் மடியில் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்து, ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

அண்ணிக்கு நிலைகொள்ளவில்லை. "பாத்தியா! வீடியோலயே பாத்துக்கினு இருந்த கொழந்த, வந்த ஒடனே எப்டி ஒட்டிக்கினா பாரு! அத்தைன்னா சும்மாவா?"

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இது தெரிந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரரிடமும் அண்ணி சொன்னார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது நீங்கள் இல்லை அண்ணி, அந்தக் குப்பி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் குப்பி யாருடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வந்தும் ஷம்சா ஜெயித்துக்கொண்டிருந்தார், என் கையாலேயே.

5

காது குத்துவது மாகறல் சிவன் கோயிலில் என்று ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை நான் என் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினேன். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை, முந்தானை நிறைய சரிகை அன்னங்கள். அண்ணன் எனக்காகத் தன் கையால் நெய்தது. அந்தப் புடவைக்கு ஆர்டர் கொடுத்தவர் யாரும் இல்லை. மற்ற வேலைகளுக்கு நடுவே, விடியற்காலைகளில் உட்கார்ந்து முடித்தார்.

அண்ணி குளிக்கப் போயிருந்தார். குப்பி அவர் அலமாரியில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்தேன். கழுத்தில் ஒரு சொட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு சொட்டு வைத்தேன். பிறகு மணிக்கட்டில் ஒன்று. பிறகு சந்தேகம் வந்துவிட்டது. கோயிலில் கற்பூரம் இருக்கும், மாலைகள் இருக்கும், கூட்டம் இருக்கும். இது எட்டுமா? ஊசி குத்தும்போது அவள் அலறுவாள். அலறிக்கொண்டு யாரிடம் ஓடுவாள் என்பதை இரண்டு குடும்பத்து ஆட்களும் பார்ப்பார்கள். அவள் அண்ணியிடம் ஓடினால்? அந்த ஒரு காட்சி பல நாட்களாக என் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கினால் முகம் வந்து படும் இடம் தோள். அங்கே முந்தானை மடிப்பில் குப்பியைச் சாய்த்தேன். பழுப்பு எண்ணெய் பட்டில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே சாய்த்தேன். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண்கள் யாரும் செய்யாத காரியம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. குப்பியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"கோமதி, என் சென்ட்டு பாட்டில பாத்தியா?" என்று அண்ணி மாடியிலிருந்து கேட்டார்.

"இல்லையேண்ணி."

கோயிலில் அண்ணன் வேட்டி கட்டி, மடியில் தாரிணியை வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒரு பக்கம் வாழைப்பழமும் வெல்லமும் உள்ள தட்டோடு நின்றார். நான் மறுபக்கம் நின்றேன். காது குத்தும் பத்தர் வயதானவர். "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே வலது காதைக் குத்திவிட்டார்.

தாரிணி வீறிட்டாள். அண்ணன் பிடிப்பதற்குள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள்.

ஓடியது அண்ணியிடம்தான்.

"வாடி என் தங்கம்" என்று அண்ணி தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு மண்டியிட்டுக் கைகளை விரித்தார். தாரிணி அவர் கழுத்தில் முகத்தை வைத்தாள். ஒரு நொடி. அன்று அங்கே மல்லிகைப்பூவும் வியர்வையும் மட்டும்தான் இருந்திருக்கும். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு விசும்பிக்கொண்டே என்னிடம் வந்தாள். தூக்கினேன். தோளில் முகத்தைப் புதைத்தாள். மூச்சை இழுத்தாள். அவள் உடம்பு தளர்வதை என் கைகளால் உணர்ந்தேன்.

"என்ன இருந்தாலும் பெத்தவ பெத்தவதான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். கேட்டபோது இனிக்கவும் செய்தது. அண்ணியின் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்தும் இனித்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

"அடுத்த காது மாமன் மடிலதான் குத்தணும்மா. குடும்மா கொழந்தய" என்றார் பத்தர். அவளை அண்ணன் மடியில் உட்கார வைத்து, நான் ஒட்டி உட்கார்ந்து, முந்தானையை அவள் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இடது காதைக் குத்தும்போது அவள் அவ்வளவாக அழவில்லை. அண்ணனின் முகம் முந்தானைக்கு மிக அருகில் இருந்தது. அவர் மூக்கு ஒருமுறை சுருங்கியது. பிறகு அவர் கண் அந்தக் கறைமேல் போய் நின்றது.

6

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார்.

"இது எப்டிமா ஆச்சு?"

"சென்ட்டு பட்டுட்டுதுண்ணா."

"பட்டுட்டுதா? கொட்டினா மாதிரி இருக்குது."

நான் புடவையை மாற்றிக்கொண்டு வந்து அதை அவரிடம் கொடுத்தேன். அண்ணன் பாயை விரித்து, முந்தானையை நீட்டி, கறைமேல் முகப் பவுடரைக் கொட்டி, எண்ணெயை இழுக்கட்டும் என்று உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். கறை ஒரு கை அகலத்துக்கு இருந்தது. அன்னங்களில் இரண்டு அதற்குள் முழுகியிருந்தன.

"ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் சொல்லிக்கினே இருந்தேன். எங்கூட்டு பொண்ணுக்கு சொல்ல மறந்துட்டேன் போல" என்றார். சிரிக்க முயற்சி செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, அழுவாத. கறய கொஞ்சம் எடுத்துடலாம்."

"சரிக என்னா ஆவும்ணா?"

"சரிக கறுக்கும். இப்ப தெரியாது. மெல்லத்தான் தெரியும்."

அண்ணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூக்கு இருக்கிறது. நான் கைப்பையைத் திறந்து, பாதிக்கு மேல் காலியான குப்பியை அவரிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஷம்சா, ஊசி வாசனை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட கேள்வி, எல்லாம்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டனா?" என்றார் முதலில். பிறகு குப்பியை வாங்கிக்கொண்டார். "அப்ப சென்ட்டுக்குத்தான் எங்கிட்ட வந்தாளா? நான் ஊரு பூரா சொல்லி வெச்சேன்."

"அண்ணி..."

"இந்தா, நீயே வெச்சிக்கோ. எங்கிட்ட வரணும்னா சும்மா வரட்டும். இல்லன்னா போவட்டும்."

குப்பியை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன. மறுநாள் முதல் அவர் தாரிணியைத் தினமும் கோழிக்குஞ்சு காட்ட அழைத்துப்போனார், வெறும் சோப்பு வாசனையோடு. கடைசி நாட்களில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். அண்ணிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. நான் தினமும் மாலையில் அந்த முந்தானையில் ஒரு சொட்டு விட்டேன். பாழான புடவைதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாரிணி அதைச் சுருட்டி மூக்கடியில் வைத்துக்கொண்டு, என்னை ஒட்டிப் படுத்துத் தூங்கினாள்.

"என்னா வாசனடி இது?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டேன்.

"அம்மா வாசன" என்றாள், தூக்கத்தில்.

7

போன வெள்ளிக்கிழமை சோஹார் திரும்பினோம். கார் நிற்கும் சத்தம் கேட்டதுமே ஷம்சா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெட்டிகளை மாடிக்கு ஏற்றக்கூட விடவில்லை. என் கணவர் பெட்டிகளோடு மேலே போக, எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துப்போய்க் கம்பளத்தில் உட்கார வைத்தார். காப்பி தயாராக இருந்தது. அல்வா புதிதாக இருந்தது. மூன்று வாரமும் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அந்தத் தட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் கைகளை நீட்டினார். தாரிணி ஓடினாள். அவள் ஷம்சாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, நீளமாக மூச்சை இழுத்தாள். பிறகு ஏதோ அதிசயத்தைக் கண்டுபிடித்தவள்போலத் திரும்பி, என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்.

"அம்மா! ஷம்சா மேல உன் வாசன வருது!"

சொல்லிவிட்டு அங்கிருந்து இறங்கி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஷம்சாவுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டார். "அம்மா என்றாளே. என்ன சொல்கிறாள்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கைகள் இன்னும் குழந்தையைப் பிடித்திருக்கிற அளவிலேயே விரிந்திருந்தன. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக மூன்றரை மணிக்கு மாடிப்படிக் கண்ணாடியில் நான் பார்த்த என் முகம். அவர் தன் கையால் கலந்த வாசனை. கடைசிப் பையன் போன பிறகு காலியாக இருந்த வீட்டில் என் குழந்தை அந்த வாசனைக்குள் தூங்கியிருக்கிறாள். அதை நான் அவர் கொடுத்த குப்பியிலிருந்தே எடுத்து என் பெயரில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் சொன்னதை அரபியில் சொல்ல நாலைந்து சொற்கள் போதும். அத்தனையும் எனக்குத் தெரியும். இந்த வாக்கியத்துக்காகத்தான் ஒரு புடவையைப் பாழாக்கினேன், அண்ணியிடம் பொய் சொன்னேன். இதைச் சொல்லிக்காட்டத்தான் எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன்!

"காது வலிக்கிறது என்கிறாள்" என்றேன்.

ஷம்சா பதறிப்போய் அருகில் வந்தார். "கொடு, பார்க்கிறேன். யார் குத்தியது? ரத்தம் வந்ததா?" தாரிணியின் முகத்தைத் திருப்பி, புதுத் தோட்டைத் தொடாமல், காது மடலில் மெல்ல ஊதினார். தாரிணிக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்தாள். மறு காதையும் காட்டினாள். அவர் அதிலும் ஊதினார்.

இரக்கப்பட்டுத்தான் மாற்றிச் சொன்னேனா, அல்லது அந்த வாக்கியத்தை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் எனக்கே வைத்துக்கொண்டேனா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். நாளைக் காலை ஏழரைக்குத் தாரிணியைக் கீழே விட வேண்டும். மூன்றரைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். அப்போது எனக்குப் பொறாமை வராது என்று நான் சொல்லமாட்டேன்.

அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஷம்சா இரண்டாவது முறை காப்பி ஊற்றினார். மூன்றாவது முறையும் ஊற்றினார். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. மாடியிலிருந்து என் கணவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இப்போது நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுந்திருக்காமல் மூலையைப் பார்த்தேன்.

தூபக்கால் அங்கேதான் இருந்தது. அதில் நெருப்பு போட்டிருக்கவில்லை.